பாலத்துக்கு அந்தப் பக்கம்

மலேசியாவில், சிலாங்கூர்க் கரையோரத்தில் இருக்கிற கேரித்தீவுக்கு முதல் முறையாக வருகிறவர்கள் பாலத்தைத் தாண்டியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சரி, தீவு எங்கே?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெலுக் பங்லிமா காராங் டவுனைக் கடந்து வந்தால் லங்காட் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். ஏறியது தெரிவதற்குள் இறங்கிவிடுவோம். அந்தப் பக்கம் வெண்மணலும் இல்லை, ஓய்வாகச் சாய்ந்து நிற்கும் தென்னையும் இல்லை. இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை, அதற்குப் பின்னால் இன்னும் செம்பனை, நடுவில் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று நமக்கு வழிவிடாமல் போய்க்கொண்டிருக்கும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தோட்டச் சாலையில் வெகுதூரம் போய், கரையோரம் போட்டிருக்கிற மண் அணையின் மேல் ஏற வேண்டும். ஏறினால் கடல் தெரியும். கூடவே வயிற்றைக் கலக்குகிற இன்னொன்றும் தெரியும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அணைக்கு வெளியே இருக்கும் தண்ணீர், உள்ளே இருக்கும் மரங்களின் தூரைவிட உயரத்தில் நிற்கும்.

இந்தத் தீவு லங்காட் ஆறு கொண்டுவந்து போட்ட சேறு. ஆறு இரண்டாகப் பிரிந்து கடலுக்குப் போகிற இடத்தில், அலையாத்திக் காடாகக் கிடந்த நிலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் இங்கே நிலம் வாங்கினார். தீவுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சேற்றில் மரம் நட முடியாது. அதனால் முதலில் சுற்றி அணை கட்டினார்கள், உள்ளே கால்வாய் வெட்டினார்கள், அணையில் அங்கங்கே மதகு வைத்தார்கள். கடல் இறங்கும்போது உள்தண்ணீர் வெளியே ஓடும், ஏறும்போது மதகு மூடிக்கொள்ளும். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஏற்பாடு அதேதான். அணையைக் கவனிக்காமல் விட்டால் தோட்டம் திரும்பவும் காடாகவும் சேறாகவும் போக ரொம்ப நாள் பிடிக்காது.

இந்தத் தீவின் மக்களைப் பற்றி எழுதுவதற்கு அணையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிகளில் "பல்லின மக்கள் ஒற்றுமையாக வாழும் அழகிய தீவு" என்று எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறோம். அதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. இங்கே யாரும் கலந்து வாழலாம் என்று முடிவெடுத்து வந்தவர்கள் இல்லை. சேற்றை வெட்ட ஒருவர், மரத்தைச் சீவ ஒருவர், கணக்கு எழுத ஒருவர், அரிசி விற்க ஒருவர் என்று தோட்டம் ஆள் ஆளாக அழைத்துக்கொண்டது. அழைத்தவர்களை லயம் லயமாக, அதாவது வரிசை வரிசையான தொழிலாளர் வீடுகளில், பிரித்தும் வைத்தது. நாங்கள் பழகியதெல்லாம் அந்தப் பிரிவினையில் நிர்வாகம் கவனிக்காமல் விட்ட சந்துகளில்தான்.

நான் இந்தத் தீவின் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். அப்பா பழம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம், டவுனில், ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு. எங்கள் தாமானில் பாதிப் பேர் இப்படித் தோட்டத்திலிருந்து கரையேறி வந்தவர்கள்தான்.

கடலோரச் சிலாங்கூர்த் தோட்டங்களில் யாருக்கு என்ன வேலை என்பது எழுதாத சட்டம் மாதிரி. கால்வாய் வெட்டவும் அணை போடவும் ஜாவாக்காரர்களும் சீனர்களும் குத்தகைக்கு வந்தார்கள். பால்மரம் சீவுவதும் களை எடுப்பதும் தமிழர்கள். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரும் பெரும்பாலும் அவர்களில் ஒருவர். கேட்டில் ஜாகா, அதாவது காவல், நிற்பவர் பஞ்சாபி. மேட்டில், காற்று வருகிற இடத்தில், துரை பங்களா. ரப்பர் போய், தென்னை போய், செம்பனை வந்த பிறகும் இந்த வரிசை வெகுகாலம் குலையவில்லை. துரையின் நிறம் மாறியது. பங்களா அதே மேட்டில்தான் இருந்தது. கம்பெனிப் பெயரும் மாறிக்கொண்டே இருந்தது. 2007இல் கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி மூன்றும் ஒன்றானபோது எங்கள் லயத்தில் தெரிந்த ஒரே மாற்றம் அறிவிப்புப் பலகையின் பெயின்ட்.

தமிழர்கள் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டிக்கொண்டு வருவார். 1907இல் தொடங்கிய குடிபெயர்வு நிதியிலிருந்து கப்பல் செலவு வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு அல்லது போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் சொந்தச் செலவில் வந்தவர்கள். எங்கள் தாத்தா 'ரஜூலா' கப்பலில் வந்தவர். அந்தக் கப்பலில் வராத தாத்தா எந்த வீட்டிலும் இல்லை என்பது வேறு விஷயம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களும் எல்லா வீட்டிலும் உண்டு.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன். கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்பது. இன்னொன்று, துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பது. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு என்றெல்லாமும் கேட்டார்கள். நாதனைப் பிடித்து நாடுகடத்தினார்கள். படை வந்து சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். எனக்கு இதில் உறைப்பது அந்தக் கூலிக் கோரிக்கைதான். பக்கத்து லயத்துக்காரனுக்கு என்ன கிடைக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்குக் காசு சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. அவன் என்ன சாப்பிடுகிறான், எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் தெரிய வந்தது.

தெரிய வந்த இடம், கடை.

எங்கள் தோட்டத்துக் கடையின் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, பேசிய தமிழைக் கேட்டிருக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பந்திங் டவுன் பக்கத்துத் தமிழர் என்று நினைப்பீர்கள். அப்பாவிடம் "என்ன அண்ணே, இந்த மாசம் பழம் நெறைய வெட்டினீங்களாமே, பாக்கிய அடைச்சிரலாமில்ல?" என்பார். அம்மாவை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். அதே வாயால் ஜாவாக்காரப் பெண்களிடம் மலாயில் பேரம், மகனிடம் ஹொக்கியனில் திட்டு. கடன் நோட்டு மட்டும் சீனத்தில். அதில் எங்களைப் பெயர் போட்டு எழுதியிருக்கவில்லை, அடையாளம் போட்டு எழுதியிருந்தார் என்பதை அவர் மகன் பிற்பாடு எனக்குப் படித்துக் காட்டினான். என் அப்பாவின் பெயர் "உயரமானவன், மூன்றாம் லயம்." பக்கத்து வீட்டு மாமா "இருமுகிறவன்." ஒரு பாட்டியின் பெயர் "திருப்பிக் கொடுப்பவள்." அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் அந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

தவுக்கேயை நல்லவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. மில்க் மெய்ட் டின்னுக்கு டவுனில் ஒரு விலை, அவரிடம் ஒரு விலை. பாலம் தாண்டி டவுனுக்குப் போக சைக்கிள்கூட இல்லாதவர்கள்தான் அவருக்கு வாடிக்கை, அது அவருக்குத் தெரியும். அதே மனிதர், பக்கத்து வீட்டு மாமா செத்த அன்று கேட்காமலேயே இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். அது நோட்டில் ஏறியதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஏறியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அம்மா செய்த வெளிக்காட்டு வேலையில் ஒன்று இப்போது எங்கள் தோட்டத்தில் இல்லை. செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது, அதன் பூவில் வாழ்கிற வண்டு வரவில்லை. அதனால் பெண்கள் மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதுகுழாய் வைத்த புட்டியால் மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் அடிப்பார்கள். முள்ளுக்கு நடுவே கையை விட வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் கையில் கீறலும், சட்டையில் பவுடர் வாசமும் இருக்கும். எங்கள் அம்மா கல்யாண வீட்டுக்குக்கூட பவுடர் போடமாட்டார், அந்த வாசம் பிடிக்காமல் போய்விட்டது. அம்மாவோடு அந்த வேலையைச் செய்தவர்களில் இரண்டு ஜாவாக்காரப் பெண்களும், பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, கைக்காசுக்கு வந்த பூர்வகுடிப் பெண் ஒருவரும் இருந்தார்கள். ஒரே நிரையில் நின்று, ஒரே வாளியில் தண்ணீர் குடித்து, மற்ற பெண்களின் மாமியாரைப் பற்றியெல்லாம் தெரிந்துகொண்டது அங்கேதான். 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து மலேசியாவில் விட்டார்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கொஞ்ச காலத்தில் நாடு முழுக்கப் பரவி, பெண்கள் செய்ததைவிட நன்றாகச் செய்தது. விளைச்சல் ஏறியது. அம்மாவின் நிரை கலைந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்த வண்டைக் கொண்டாடுவார்கள், கொண்டாட வேண்டியதுதான். எனக்கு மட்டும் அந்த வாளி நினைவுக்கு வரும்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். தீவில் ஆட்கள் உண்மையில் கலந்தது சாமியிடம்தான், அதுவும் பெரிய சாமியிடம் இல்லை. மாரியம்மன் கோயில் எங்களுக்கு, சூராவ் என்கிற சிறு தொழுகை இடம் ஜாவாக்காரர்களுக்கு, டவுன் கோயில் சீனர்களுக்கு. அங்கெல்லாம் அவரவர் எல்லைக்குள் அவரவர். ஆனால் எல்லையில் நிற்கிற சாமி இருக்கிறதே, அது எல்லாருக்கும் பொது. எங்களுக்கு முனியாண்டி: மரத்தடி, சூலம், சுருட்டு. சீனர்களுக்கு டத்தோ கோங்: சிவப்புக் கூண்டு, உள்ளே சொங்கோக் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர். அவர் முஸ்லிம், அதனால் பன்றி இறைச்சி படைக்கக்கூடாது. வெற்றிலை, பாக்கு, சாம்பிராணி. தீவின் பூர்வகுடிகளான மா மெரி மக்களுக்கு முன்னோர் ஆவிகளான மோயாங், காட்டிலும் ஆற்றிலும் மரத்திலும். ஜாவாக்காரப் பெரியவர் எதையும் கும்பிடமாட்டார். ஆனால் அந்தப் பக்கம் போகும்போது "தாபே, டத்தோ" என்று மரியாதை சொல்லி முணுமுணுக்காமல் போகவும் மாட்டார்.

ஒரு முறை கம்பத்து எல்லையோரம் கால்வாயை அகலப்படுத்த மண்வெட்டும் இயந்திரம் வந்தது. சீனக் குத்தகைக்காரர், இயந்திரம் ஓட்டியவர் எங்கள் லயத்து அண்ணன் ஒருவர். ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில் போனதும் இன்ஜின் நின்றது. தட்டி எழுப்பினால் பத்து நிமிடம் ஓடும், திரும்ப நிற்கும். அண்ணன் இறங்கி எலுமிச்சம்பழம் வெட்டி நான்கு பக்கமும் போட்டார், முனிக்குச் சுருட்டுப் பற்றவைத்தார். நின்றது நின்றதுதான். குத்தகைக்காரர் டத்தோவுக்கு வெற்றிலை வைத்துச் சாம்பிராணி காட்டினார். ஓடவில்லை. "இது நம்ம ரெண்டு பேர் ஆளும் இல்ல, அவங்க ஆளு" என்று அவரே முடிவு செய்து, கம்பத்திலிருந்து ஒரு பெரியவரை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரியவர் சாம்பிராணிப் புகை போட்டு, மரத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை பந்திங்கிலிருந்து மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரை மாற்றினார், ஓடியது. குத்தகைக்காரர் மெக்கானிக்குக் கூலி கொடுத்தார், பெரியவருக்கு அரிசியும் சீனியும் அனுப்பினார், முனிக்குக் கோழி அடித்தார். எந்தப் பற்றில் எவ்வளவு எழுதினார் என்று தெரியாது. அந்த மரத்தை மட்டும் வெட்டவில்லை, கால்வாய் அங்கே கொஞ்சம் வளைந்து போகும்.

மா மெரி மக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தீவில் மற்ற எல்லாரும் வந்தவர்கள், இவர்கள் இருந்தவர்கள். தீபகற்ப மலேசியாவில் அரசாங்கக் கணக்கின்படி 18 பூர்வகுடி இனங்கள், அதில் ஒன்று மா மெரி. சுங்கை பும்புன், சுங்கை ஜூடா, சுங்கை கூராவ், ரம்பாய் என்று அவர்கள் கம்பங்கள் செம்பனைக்கு நடுவிலும் கரையோரத்திலுமாக இருக்கின்றன. வீட்டில் பேசுகிற மொழி மலாய் இல்லை. கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன் மொழிகளுக்குத் தூரத்துச் சொந்தம். ஊர்த் தலைவரை பாத்தின் என்பார்கள்.

வெளியே அவர்கள் பெயர் தெரிவது மரச் சிற்பத்தால். சுங்கை பும்புனில் ஒரு சிற்பி வேலை செய்வதை அரைநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மரத்தின் பெயர் 'நீரே பத்து', அலையாத்திக் காட்டில் வளர்வது. சிவந்த மரம், கல் மாதிரி கனம். காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, உளியை ஒரு கட்டையால் தட்டித் தட்டிச் செதுக்குகிறார். வரைபடம் கிடையாது. சங்கிலிப் புலி என்று ஒரு சிற்பம், 'ஹரிமாவ் பெராந்தாய்', யுனெஸ்கோவின் கைவினைத் தரமுத்திரை வாங்கியது. புலியின் உடம்பிலிருந்து தொங்குகிற சங்கிலி, கண்ணி கண்ணியாக ஆடும். ஒட்டு கிடையாது, ஒரே கட்டையில் குடைந்தெடுத்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மண்டபத்து மூலையில் தொங்குகிற கல் சங்கிலியைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் சொல்கிற "எப்படிச் செஞ்சானுங்களோ" என்ற அதே வார்த்தைதான் எனக்கும் வந்தது. அவரிடம் கேட்டேன். "உள்ளே இருக்கிறது, வேண்டாததை எடுத்துவிட வேண்டியதுதான்" என்று சொல்லாதது பெரிய ஆறுதல். "முதல் இரண்டு கண்ணி உடையும், அப்புறம் பழகிவிடும்" என்றார். நல்ல மரம் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம் என்றார். முன்பு வீட்டுக்குப் பின்னால் இருந்தது, இப்போது படகில் போய்த் தேட வேண்டியிருக்கிறதாம்.

ஹரி மோயாங் அவர்களுடைய முன்னோர் நாள். கம்பத்துக்குக் கம்பம் தேதி வேறு, பெரியவர்களுக்குக் கனவில் உத்தரவு வரும் என்பார்கள். முன்னோர் வீட்டில் படையல், சாம்பிராணி. பிறகு முகமூடி போட்ட ஆண்களும், பனையோலை, தாழை இலையில் பின்னிய உடையும் தலையணியும் போட்ட பெண்களும் ஒரு மண்மேட்டைச் சுற்றி ஆடுகிற 'மாயின் ஜோ'ஓ' ஆட்டம். மூங்கில் தட்டு, மேளம், பித்தளைத் தட்டு. அந்த ஓலை வேலைப்பாட்டை அருகில் பார்த்தால் நம் கோயில் தோரணம் கட்டுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும். போகிறவர்களுக்கு ஒரே யோசனை: முதலில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். முகமூடிக்குள் இருப்பது ஆட்டக்காரர் மட்டும் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

இவர்களை எங்கள் லயத்தில் எப்படிப் பேசினோம் என்பதை எழுத வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன். மலாய்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் பயன்படுத்திய அந்த இழிவான பெயரைத்தான் நாங்களும் பயன்படுத்தினோம். அடங்காத பிள்ளையை அந்தப் பெயர் சொல்லித்தான் வைவார்கள். எங்களைத் துரையும் கிராணியும் என்ன சொல்லி வைதார்கள் என்று 1941ஐப் பற்றி மேடையில் பேசும்போது கண் கலங்குகிற பெரியவர்கள், இறங்கி வந்து கம்பத்து ஆட்களை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். தோட்டம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வரிசை அது. மேலே துரை, பிறகு கிராணி, பிறகு வேலையை மேற்பார்க்கிற மண்டோர், பிறகு நாங்கள். எங்களுக்குக் கீழே யாராவது இருக்க வேண்டுமே.

உண்மையில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு விஷயம் பொது, அதை இரண்டு தரப்பும் பேசியதே இல்லை. நிலத்தில் யாருக்கும் பட்டா இல்லை. லயத்து வீடு வேலை இருக்கிற வரைதான். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பூர்வகுடிகளுக்கோ 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்க இடம் கொடுத்தது, அந்த இடத்தின் மேல் பத்திரம் கொடுக்கவில்லை. இதே லங்காட் ஆற்றின் மேல்பகுதியில், டெங்கிலில், தெமுவான் இனத்தவர் நிலத்தை 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்கு எடுத்தார்கள். சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். பயிர், வீடு, மரத்துக்கு மட்டும் காசு தருவோம், நிலத்துக்குக் கிடையாது என்றது எதிர்த்தரப்பு. 2002இல் உயர் நீதிமன்றம் நிலமும் அவர்களுடையதுதான் என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். நம் சங்கங்கள் அவர் பெயரைப் பெருமையாகச் சொல்லும். அவர் எதை எழுதினார் என்பதைச் சொல்ல மறந்துவிடும்.

இப்போது தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர் யார் என்று போய்ப் பாருங்கள். இந்தோனேசியர், வங்காளதேசி, நேபாளி. நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, நிமிர்ந்த கழுத்தோடு குலையை அறுக்கிறார்கள். அறுத்த பழம் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெடும், அதனால் ஞாயிறு, திருநாள் என்று பார்க்க முடியாது. 2020இல் பெருந்தொற்று வந்து எல்லையை மூடியபோது, ஆள் இல்லாமல் நாடு முழுக்கப் பழம் மரத்திலேயே அழுகியது. அப்போதுதான் பலருக்கு இந்த வேலையைச் செய்வது யார் என்றே தெரிந்தது. எங்கள் மூன்றாம் லயத்தில் இன்று இருக்கிற பையன்கள் போனில் டாக்காவுக்குப் பேசுகிறார்கள். மூன்று வருட ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. எங்கள் தாத்தாவாவது பாட்டியை அழைத்து வந்தார். அவர்களைப் பார்த்து "வங்காளிங்க வந்து ஊரே கெட்டுப்போச்சு" என்று எங்கள் தாமான் கோப்பிக் கடையில் சொல்கிறவர் யார் தெரியுமா? அதே லயத்தில் பிறந்தவர்.

தாமானில் என் இடது பக்கம் மலாய்க் குடும்பம், வலது பக்கம் சீனக் குடும்பம், எதிரில் பஞ்சாபி வாத்தியார். சுவரோடு சுவர். தோட்டத்தில் இப்படி இருந்ததே இல்லை. நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் இறைச்சிக் கறி வருகிறது, தீபாவளிக்கு முறுக்கு போகிறது. ஆனால் சீனர் வீட்டுப் பெரியவர் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தவுக்கேக்கு என் அப்பாவின் சம்பளமே தெரியும். எது மேல் என்று கேட்டால், கடன் நோட்டு இல்லாத இந்த வாழ்க்கையே மேல் என்பேன்.

லயத்தை விட்டு வந்தோம், கோயில் அங்கேயே இருக்கிறது, தோட்டத்து நிலத்தில். வருடா வருடம் திருவிழாவுக்குப் பாலம் தாண்டிப் போகிறோம். டவுனிலிருந்து, கிள்ளானிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூடக் கார் வரும். தீமிதிக்கு வேண்டிக்கொண்ட சீனர்கள் மஞ்சள் துணியோடு வரிசையில் நிற்பார்கள். அன்னதானத்தில் வங்காளதேசிப் பையன்கள் தயங்கித் தயங்கிப் பின்னால் நிற்பார்கள். "வாங்க தம்பி, சைவம்தான், சாப்பிடலாம்" என்று இழுத்து உட்காரவைக்க இரண்டு பெரியம்மாக்கள் போதும்.

போன முறை கோயில் கமிட்டியில் ஒரு சண்டை. முதல் மரியாதை யாருக்கு? வழக்கமாக ஒய்பி-க்கு, அதாவது மக்கள் பிரதிநிதிக்கு, முதல் மாலை, தோட்ட மேனேஜருக்கு இரண்டாவது. இளைஞர் ஒருவர் எழுந்து, இந்த மண்ணில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் பக்கத்துக் கம்பத்துக்காரர்கள், பாத்தினைக் கூப்பிட்டு முதல் மாலை போட வேண்டும் என்றார். ஒருவர், அவங்க நம்ம சாமியைக் கும்பிடமாட்டாங்களே என்றார். மேனேஜர் மட்டும் கும்பிடுகிறாரா என்று பதில் வந்தது. மேனேஜர் மனசு கோணினால் நிலம் என்ன ஆகும் என்று பொருளாளர் கேட்டதும் எல்லாரும் அமைதியானார்கள். இரண்டு மணி நேரம் பேசி, மூன்றாவது மாலை என்று முடிவானது. அழைப்பிதழைக் கொண்டு போய்க் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது.

பாத்தின் வாங்கிப் பார்த்தார். தமிழிலும் மலாயிலும் அச்சடித்திருந்தோம். மாலையைப் பற்றிச் சொன்னேன், எத்தனையாவது என்று சொல்லவில்லை. வருகிறேன், என்ன கிழமை என்று கேட்டார். பிறகு, இத்தனை வருடமாகச் சொல்ல ஆள் கிடைக்காமல் இருந்தது மாதிரி உடனே சொன்னார்: திருவிழா ஐந்து நாளும் உங்கள் ஒலிபெருக்கி ஒன்று எங்கள் கம்பத்தைப் பார்த்தே கட்டியிருக்கிறது, பிள்ளைகள் தூங்குவதில்லை, அதைக் கொஞ்சம் டவுன் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள்.

கமிட்டியில் சொன்னேன். அதற்கு மட்டும் விவாதமே இல்லை, அன்றைக்கே ஏணி போட்டுத் திருப்பிவிட்டார்கள். இப்போது அது மேனேஜர் பங்களாவைப் பார்த்து இருக்கிறது.